வேகமாக ஓடிய மெஷினும் குறைந்துகொண்டே போன கூலியும்

கோவையில் கணபதிப் பக்கம் சிறிய பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். பம்ப் கம்பெனிகளும் வால்வு கம்பெனிகளும் அனுப்புகிற வார்ப்புகளைக் கடைந்து, துளையிட்டு, அளவு பார்த்துத் திருப்பி அனுப்புவது தொழில். வார்ப்பு அவர்களுடையது, கூலி மட்டும் எனக்கு. 2019இல் வங்கிக் கடனில் ஒரு சிஎன்சி லேத், அதாவது கணினி ஓட்டுகிற கடைசல் மெஷின், போட்டேன். அதற்கு அடுத்த மூன்று ஆண்டுகளில் என் பட்டறையின் உற்பத்தித்திறன் மூன்று மடங்கு கூடியது. அதே மூன்று ஆண்டுகளில் அந்த வேலையிலிருந்து வந்த வருமானம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இவை இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும் என்பது புரிவதற்குள் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. மெஷின் விற்றவர் சொல்லவில்லை, கடன் கொடுத்தவர் சொல்லவில்லை, எனக்கு முன்னால் இதே பள்ளத்தில் விழுந்தவர்களும் சொல்லவில்லை. புதிதாக மெஷின் போட நினைக்கிறவர்கள் எவராவது இதைப் படிக்கட்டும் என்றுதான் கணக்கு வழக்கோடு எழுதுகிறேன்.

முதலில் பழைய நிலவரம். மூன்று சாதாரண லேத்துகள், மூன்று டர்னர்கள், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். முக்கியமான வேலை ஒரு பம்ப் கம்பெனியின் பேரிங் ஹவுசிங், அதாவது பேரிங் உட்காரும் கூடு. ஒரு பீஸுக்குப் பதினான்கு நிமிடம், கூலி 42 ரூபாய். மாதம் நாலாயிரம் பீஸ் வரும், 1,68,000 ரூபாய் பில் போடுவேன். சம்பளம் 60,000, வாடகை 18,000, கரண்ட் 16,000, டூல், ஆயில், ஆட்டோ வாடகை என்று 20,000. கையில் 54,000 நிற்கும். பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடன் கிடையாது, இரவில் தூக்கம் வந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் ஒருவர் பின் ஒருவராகச் சிஎன்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அனுபவமுள்ள டர்னர் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. கம்பெனியின் கொள்முதல் பிரிவிலும் "சிஎன்சி இல்லாத இடத்துக்கு இனி ஆர்டர் கொடுப்பது சிரமம்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். மெஷின் விலை 24 லட்சம். ஆறு லட்சத்தைக் கையிலிருந்து போட்டேன். மீதி 18 லட்சத்துக்கு ஐந்து ஆண்டுக் கடன், மாதத் தவணை 39,000 சொச்சம். வங்கிக்குக் கொடுத்த திட்ட அறிக்கையை ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் தயாரித்துக் கொடுத்தார்கள். அதில் பீஸுக்கு ஆறு நிமிடம், கூலி 42 ரூபாய், மெஷின் மாதம் முழுவதும் இரண்டு ஷிப்ட் ஓடும் என்று போட்டிருந்தது. ஆறு நிமிடம் என்பது உண்மைதான், மெஷின் அதைச் செய்து காட்டியது. மற்ற இரண்டு எண்களும் என் கையில் இல்லாதவை. கூலியைத் தீர்மானிப்பவர் வேறு ஆள், வேலையின் அளவைத் தீர்மானிப்பவரும் வேறு ஆள். திட்ட அறிக்கை என்ற அந்தக் கட்டுக்குள் இருந்த எண்களில் ஒன்றுதான் என்னுடையது என்று அன்றைக்கு எவராவது விரல் வைத்துக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சில மாதங்கள் 42 ரூபாயே கிடைத்தது. ஒரு மணிக்குப் பத்து பீஸ், 420 ரூபாய். பிறகு கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல பையன், காபி வாங்கிக் கொடுத்தேன். கையில் ஸ்டாப் வாட்ச் வைத்திருந்தார். நான்கைந்து பீஸ் ஓடுவதை நின்று பார்த்தார், குறித்துக்கொண்டார், கிளம்பினார். அடுத்த வாரம் கடிதம் வந்தது: சிஎன்சி மணிக்கூலி 300 ரூபாய், சைக்கிள் டைம் (ஒரு பீஸுக்கு ஆகும் நேரம்) ஆறு நிமிடம், ஆகவே பீஸுக்கு 30 ரூபாய். கடிதத்தில் கோபப்பட ஒன்றுமே இல்லை. மரியாதையான கடிதம், கணக்கும் சரியான கணக்கு. நேரில் போய்ப் பேசினேன். "அண்ணா, இதே தெருவில் 280க்கு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் பழைய ஆள் என்பதால்தான் 300" என்றார். பொய் சொல்லவில்லை. தெருவில் எல்லோரிடமும் சிஎன்சி, எல்லோருக்கும் தவணை, எல்லோரிடமும் காலி நேரம். தவணை கட்ட வேண்டியவன் மெஷின் சும்மா நிற்பதைவிட 280 வந்தால் போதும் என்றுதான் நினைப்பான். நானும் வேறு கம்பெனி வேலைக்கு அப்படித்தான் விலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் 2020 மார்ச் வந்துவிட்டது. ஊரடங்கைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்கலாம் என்றார்களே, அந்த மாதங்களுக்கான வட்டி அசலோடு சேர்ந்து கடனின் வாலை நீட்டிவிட்டது. கையில் கொஞ்சமாவது பணம் இருந்தால் ஒத்திவைப்பை எடுக்காமல் இருப்பதே மேல்.

மறுபடி வேலை தொடங்கியபோது என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: இன்னும் வேகமாகச் செய்தால் மீண்டுவிடலாம். ஒரே நேரத்தில் இரண்டு பீஸ் பிடிக்கிற மாதிரி ஃபிக்ஸ்சர் ஒன்றை நானே யோசித்துச் செய்தேன். டிசைன், பொருள், வேலை எல்லாம் சேர்த்து 1,40,000 ஆனது. வெட்டும் முனையான இன்செர்ட்டை மாற்றினேன், புரோகிராமில் டூல் வெட்டாமல் காற்றில் ஓடுகிற தூரத்தைக் குறைத்தேன். ஆறு நிமிடம் நாலரை நிமிடமானது. அந்த இரவு எனக்கு இருந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் மறுக்க முடியவில்லை. ஒரு வேலையைத் தன் மூளையால் வேகப்படுத்தியவனுக்கு மட்டும் தெரிகிற மகிழ்ச்சி அது. வருடாந்திர ஆய்வுக்கு வந்தபோது கம்பெனியிலும் பாராட்டினார்கள். கைதட்டல், ஒரு சான்றிதழ், சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த விலைப் பேச்சில் 300ஐ அறுபதால் வகுத்து நாலரையால் பெருக்கி 22.50 என்று நிர்ணயித்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அதே நாலாயிரம் பீஸ், பில் 90,000 ரூபாய். ஓர் ஆபரேட்டர், ஓர் உதவியாளர் சம்பளம் 34,000. வாடகை 18,000. கரண்ட் 9,000. இன்செர்ட் மற்றும் இதரச் செலவு 15,000. தவணை 39,000. கூட்டினால் 1,15,000. மாதம் 25,000 துண்டு விழுகிறது. மெஷினில் நூறு மணி நேரம் மிச்சமாகியிருந்தது. அதை நிரப்ப வேலை தேடி அலைந்தால், அந்த வேலையும் 280 ரூபாய் மணிக்கூலியில்தான் கிடைத்தது, சில மாதங்களில் அதுவும் கிடைக்கவில்லை. மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பில் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலையிலும் ஒரு மணிக்கு எவ்வளவு கிடைத்தது என்று மட்டும் எழுதிப் பார்த்தேன். ஆறு நிமிடம் ஆனபோதும் 300. நாலரை நிமிடம் ஆனபோதும் 300. இரண்டு நிமிடத்தில் செய்திருந்தாலும் 300தான். நான் எவ்வளவு வேகமாக ஓடினாலும் மிச்சமாகிற நேரம் முழுவதும் பம்ப் கம்பெனிக்குப் போய்ச் சேருகிறது. கம்பெனிக்காவது அது தங்கியதா என்றால், அங்கேயும் முழுதாகத் தங்கவில்லை. ராஜ்கோட் பம்பும் அகமதாபாத் பம்பும் கடையில் பக்கத்தில் நிற்கும்போது அவர்களும் டீலருக்குத் தள்ளுபடியைக் கூட்ட வேண்டியிருந்தது. கடைசியில் என் ஃபிக்ஸ்சரின் பலனில் ஒரு பங்கு எங்கோ ஒரு விவசாயி வாங்கிய மோட்டாரில் சில ரூபாய்த் தள்ளுபடியாகப் போயிருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஃபிக்ஸ்சருக்குச் செலவழித்த 1,40,000 ரூபாயாவது என்னிடம் திரும்பி வந்திருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் உறவினர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். பொருளாதார அறிஞர்களான அர்ஜென்டினாவின் ரவுல் பிரெபிஷும் ஹான்ஸ் சிங்கரும் 1950 வாக்கில் நாடுகளைப் பற்றிச் சொன்னது இதுதான் என்றார். தொழில்வள நாடுகளில் உற்பத்தித்திறன் கூடினால் அது அங்கேயே கூலியாகவும் லாபமாகவும் தங்குகிறது, மூலப்பொருள் விற்கிற நாடுகளில் கூடினால் அது விலைக்குறைவாக வாங்குகிறவரிடம் போய்விடுகிறது என்பது அவர்கள் வாதமாம். எல்லாக் காலத்துக்கும் எல்லாப் பொருளுக்கும் இது பொருந்துமா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது என்றும் சொன்னார். சண்டை நடக்கட்டும். கணபதியிலிருந்து பீளமேடு வரைக்கும் பொருந்துகிறது என்று நான் எழுதிக் கொடுப்பேன்.

அதனால் விலை சொல்வதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொட்டேஷனில் சைக்கிள் டைமைப் பிரித்து எழுதாதீர்கள். பீஸுக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் மெஷினைத் தயார்செய்கிற செட்டிங் கூலியைத் தனி வரியாகப் போடுங்கள். இல்லையென்றால் ஐம்பது பீஸ், அறுபது பீஸ் என்று துண்டு துண்டாக ஆர்டர் வரும்போது செட்டிங் நேரம் உங்கள் தலையில் விழும். ஃபிக்ஸ்சர் செய்ய வேண்டியிருந்தால் அதன் செலவைக் கம்பெனியிடம் வாங்குங்கள், அல்லது முதல் இத்தனை ஆயிரம் பீஸுக்குப் பீஸுக்கு இவ்வளவு கூடுதல் என்று எழுதி வாங்குங்கள். நீங்களாக யோசித்து வேலையை வேகப்படுத்தினால் முதல் ஓராண்டுக்கு அதன் பலன் உங்களுக்கு, அடுத்த ஆண்டிலிருந்து பாதிப் பாதி என்ற ஒரு வாக்கியத்தை ஆரம்பத்திலேயே ஆர்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்கலாம் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. பெரிய கார் கம்பெனிகளுக்கு நேரடியாக உதிரிபாகம் கொடுக்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். நம்மிடம் வரும்போது மட்டும் ஆண்டுதோறும் மூன்று சதவீதம் குறைக்க வேண்டும் என்ற பாதி மட்டும் வருகிறது.

2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. யூனிட் விலையைவிட நிலைக்கட்டணம்தான் வலித்தது. அதற்கு முன் கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்தது இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம் அது. கம்பெனியிடம் இதைச் சொல்லிக் கூலியை ஐம்பது காசு கூட்டிக் கேட்டேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். எனக்கு இன்செர்ட் விற்கிறவரோ விலையேற்றத்தை ஒரே மின்னஞ்சலில் முடித்துவிடுவார், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து புது விலை என்று. இன்செர்ட்டுக்குத் தேவையான டங்ஸ்டனில் உலக உற்பத்தியின் பெரும்பங்கு சீனாவில். 2025 பிப்ரவரியில் அவர்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு அந்த மின்னஞ்சல்கள் அடிக்கடி வர ஆரம்பித்துவிட்டன. பரிசீலிக்கிறேன் என்று நான் பதில் எழுத முடியுமா? எழுதினால் மெஷின் நிற்கும். விலை சொல்லும் பலம் என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: மின்னஞ்சல் அனுப்பினால் போதும் என்ற இடத்தில் இருக்கிறோமா, விண்ணப்பம் எழுத வேண்டிய இடத்தில் இருக்கிறோமா.

2023இல் கொள்முதல் பிரிவில் என்னை அழைத்து மேசைமேல் ஒரு பேரிங் ஹவுசிங்கை வைத்தார்கள். சீனாவிலிருந்து வந்த மாதிரி. வார்ப்பும் கடைசலும் சேர்த்து இங்கே வந்து இறங்கும் விலை, இவர்கள் வார்ப்படிக்கிற ஃபவுண்டரிக்குக் கொடுப்பதும் எனக்குக் கொடுப்பதும் சேர்ந்ததைவிடக் கொஞ்சம் குறைவு. நான் அதை எடுத்து அளந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. 22.50ஐ 20 ஆக்க வேண்டும் என்றார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் அதற்குப் பிறகும் ஒரு கண்டெய்னர்கூட இறக்கவில்லை. இறக்க வேண்டிய அவசியமே இல்லை. மேசைமேல் ஒரு மாதிரி இருந்தால் போதும், இறக்குமதி தன் வேலையைச் செய்துவிடும். இப்படி மாதிரி காட்டும்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன: குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை, முன்பணம் எவ்வளவு, கப்பல் நாள் எத்தனை, ரிஜெக்ஷன் வந்தால் எவர் பொறுப்பு, டிசைன் பாதியில் மாறினால் என்ன ஆகும். இந்த ஐந்துக்கும் விலை போட்டால் வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போகும். நான் கேட்டேன். அவர்களிடம் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டாலும் 20 ரூபாய்தான் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் நடப்பது. ஆர்டர் நின்றது, நிலுவைத் தொகையும் நின்றது. 4,60,000 ரூபாய். போன் செய்தால் கணக்குப் பிரிவில் கேளுங்கள் என்பார்கள், அங்கே கேட்டால் கொள்முதலில் ஒப்புதல் வரவில்லை என்பார்கள். அந்தப் பில்களுக்கெல்லாம் நான் ஜிஎஸ்டி கட்டி முடித்திருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பில் போட்டுவிட்டால், பணம் வந்ததா என்று வரி கேட்பதில்லை. அந்த மாதங்களில் பட்டறைக்குள் நுழையும்போதே வயிறு பிசையும். ஆபரேட்டர் பையன் சம்பளத்தைப் பத்து நாள் தள்ளிக் கொடுத்தபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் பதினைந்து நாளுக்குள்ளும், இருந்தாலும் அதிகபட்சம் நாற்பத்தைந்து நாளுக்குள்ளும் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டி. அப்போதைய வங்கி வீதம் 6.75 சதவீதம், ஆக ஆண்டுக்கு 20.25 சதவீதம். குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்க வேண்டும். தகராறு வந்த பிறகு பதிவு செய்து பழைய பில்லுக்கு உரிமை கோர முடியாமல் போகலாம், சரக்குக் கொடுப்பதற்கு முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு. நான் கொடுத்த சமயத்தில், அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் கொடுத்தால் அது பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் நம் வட்டார வசதிக் குழுவுக்குப் போகும். அப்போது தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்கு இடங்களில் குழு இருந்தது. தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதை நம்பித் தவணை கட்டத் திட்டமிடாதீர்கள். ஆனால் குழு தீர்ப்புக் கொடுத்துவிட்டால், அதை எதிர்த்து நீதிமன்றம் போகிற கம்பெனி முதலில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இது பெரிய பலம்.

2023 அக்டோபரில் புகார் கொடுத்தேன். பணம் வந்தது 2024 மார்ச் கடைசி வாரத்தில். குழுவின் நோட்டீஸுக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் புதிதாகச் சேர்ந்த உட்பிரிவுக்குத்தான் என்று நினைக்கிறேன். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், உண்மையில் கொடுக்கிற ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்தே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த மார்ச்சில் கோவையில் பலருக்குப் பழைய பாக்கி வந்து சேர்ந்தது. எனக்கு அசல் மட்டும் வந்தது, வட்டி வரவில்லை. வட்டிக்காகத் தொடர்ந்து சண்டை போடலாம் என்று ஆடிட்டர் சொன்னார். எனக்குத் தெம்பில்லை, புகாரை முடித்துக்கொண்டேன். இதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பதிவு செய்த சிறு நிறுவனமே வேண்டாம், பதிவில்லாத இடத்தில் கொடுத்துக்கொள்கிறோம் என்று நகர்ந்த கம்பெனிகளையும் பார்த்தேன். சட்டம் பாக்கியை வாங்கித் தரும், அடுத்த ஆர்டரை வாங்கித் தராது.

மூச்சுவிட முடிந்தது வேறோர் இடத்திலிருந்து. அதே 2023இல், பொள்ளாச்சி சாலையில் இருக்கும் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பொறியாளர் உடைந்த தண்டு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நூலைச் சுற்றும் வெளிநாட்டுக் கோன் வைண்டிங் மெஷினின் உதிரிபாகம். அசல் பாகம் 11,000 ரூபாய், வந்து சேர இரண்டு மாதம். அதுவரை மெஷினின் ஒரு பகுதி நிற்கும். பழைய பாகத்தை அளந்து, வரைபடம் போட்டு, சரியான எஃகு வாங்கிக் கடைந்து, வெளியே கொடுத்துப் பதப்படுத்தி, கிரைண்டிங் முடித்துக் கொடுத்தேன். 4,200 ரூபாய் கேட்டேன். பொருளுக்கும் பதப்படுத்தலுக்கும் 600 போனது, என் நேரம் செட்டிங்கோடு சேர்த்து நாலரை மணி. கணக்குப் போட்டால் மணிக்கு 800 ரூபாய். அவர் பேரமே பேசவில்லை, இன்னும் ஆறு வேண்டும் என்றார். எத்தனை நிமிடம் ஆனது என்று கேட்கவில்லை. அவர் ஒப்பிட்டுப் பார்த்தது 11,000 ரூபாயோடும் இரண்டு மாதத்தோடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு மண்டையில் விளக்கெரிந்தது. பேரிங் ஹவுசிங்கில் இறக்குமதி என் தலைக்குமேல் இறங்கிக்கொண்டே வந்த கூரை. உதிரிபாகத்தில் அதே இறக்குமதி வெகு உயரத்தில் நிற்கிற கூரை, அதற்கடியில் நான் நிமிர்ந்து நிற்க முடிகிறது. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வேண்டுமென்றால் கடல்கடந்து வருவது மலிவு. ஆறு பீஸ், இந்த வாரமே, அளவில் கொஞ்சம் மாற்றத்தோடு வேண்டுமென்றால் கடல் பெரிய தூரம். கோவையைச் சுற்றியுள்ள ஆலைகளில் ஜெர்மனி, ஜப்பான், இத்தாலி, சுவிட்சர்லாந்து மெஷின்கள் நிறைய ஓடுகின்றன. நம் வாடிக்கையாளர்கள் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள், நாம்தான் கொள்முதல் பிரிவின் வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். ஓர் எச்சரிக்கை: காப்புரிமை உள்ள பாகத்தையோ, அசல் கம்பெனியின் முத்திரை பொறித்த பாகத்தையோ செய்யாதீர்கள். மிக வேகமாகச் சுற்றும் பாகத்தையும் உயிருக்கு ஆபத்தான இடத்தில் பொருந்தும் பாகத்தையும் தெரியாமல் தொடாதீர்கள்.

ஆலைக்காரர்களிடம் என்னைத் தக்கவைத்தது விலையில்லை. வேறொருவர் அதே தண்டை 3,800க்குச் செய்வதாகச் சொல்லியும் அவர்கள் போகவில்லை. ஒவ்வொரு பாகத்தோடும் அளவு அறிக்கை, கடினத்தன்மை அறிக்கை, பதப்படுத்திய இடத்தின் சான்று ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பாகத்தின் வரைபடத்தையும் எண் போட்டுக் கணினியில் வைத்திருக்கிறேன், அடுத்த முறை வாட்ஸ்அப்பில் அந்த எண்ணை அனுப்பினால் போதும். அளவுக் கருவிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். மேற்பரப்பின் வழவழப்பை அளக்கும் கருவியைப் பழையதாக 1,10,000 ரூபாய்க்கு வாங்கியபோது தெருவில் கேலி செய்தார்கள். அந்தப் பணத்துக்கு என் ஃபிக்ஸ்சரைவிடப் பல மடங்கு அது சம்பாதித்துக் கொடுத்தது. என் சிஎன்சி இப்போது முன்பைவிடக் குறைந்த நேரம்தான் ஓடுகிறது. மெஷின் சும்மா நிற்கிறதே என்று பக்கத்துப் பட்டறை அண்ணன் வருத்தப்படுவார். நிற்கட்டும் என்பேன். வளையல்கள் வீட்டுக்கு வந்துவிட்டன.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இதே பாடம் இன்னொரு முறை நடந்தது. நான் ஸ்பிண்டில் (வால்வைத் திறந்து மூடும் தண்டு) கடைந்து கொடுக்கும் ஒரு வால்வு ஏற்றுமதி நிறுவனத்தில் எல்லோரையும் அழைத்து, அமெரிக்க வாடிக்கையாளர் தள்ளுபடி கேட்கிறார், ஆளுக்கு எட்டு சதவீதம் குறையுங்கள் என்றார்கள். வரி போட்டவர் எங்கோ இருக்கிறார், அதைக் கட்டுவது எவர் என்பது அந்த அறைக்குள் தீர்மானமாகிக்கொண்டிருந்தது. குழாயை இணைக்கிற சாதாரண ஃபிளாஞ்ச் வளையம் கடைகிற நண்பர் அந்த வாரமே குறைத்துக் கொடுத்தார், அவருக்கு வேறு வழியில்லை. என் ஸ்பிண்டில் பத்து மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அளவுக்குள் நிற்க வேண்டியது. இடம் மாற்றினால் மாதிரி அனுப்பி ஒப்புதல் வாங்க அவர்களுக்கு மாதங்கள் ஆகும். இரண்டு மாத ஆர்டரை ஒன்றாகக் கொடுங்கள், செட்டிங் மிச்சமாகும், அதில் மூன்று சதவீதம் குறைக்கிறேன், பணம் முப்பது நாளில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒத்துக்கொண்டார்கள். திறமையில் நண்பர் எனக்குக் குறைந்தவர் இல்லை, வேகத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர். அவரை மாற்றுவது சுலபம், என்னை மாற்றுவது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மெஷின் போடப் போகிறவர்கள் வங்கிக்குப் போகும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிப் பாருங்கள். தவணை, வாடகை, சம்பளம், நிலைக்கட்டணம் ஆகியவற்றைக் கூட்டி, மெஷின் பாதி நேரம்தான் ஓடும் என்று வைத்துக்கொண்டு மணிக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள். அந்த எண் தெருவில் ஓடும் மணிக்கூலியைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தத் தெருவில் எல்லோரும் செய்கிற வேலைக்காக அந்த மெஷினை வாங்காதீர்கள். ஒரே கம்பெனியின் பங்கு மொத்த பில்லில் நாற்பது சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள், தாண்டினால் அன்றைக்கே அடுத்த வாடிக்கையாளரைத் தேடத் தொடங்குங்கள். ஆர்டர் தாளில் பணம் வரும் நாளையும், ரிஜெக்ஷன் வார்ப்பின் கோளாறா கடைசலின் கோளாறா என்று தீர்மானிக்கும் முறையையும் எழுதி வாங்குங்கள். வார்ப்புக்குள் காற்றுக்குமிழி இருந்து, பாதி கடைந்த பிறகு அது தெரியவந்தால், அதுவரை செய்த வேலைக்குக் கூலி உண்டா என்பதையும் சேர்த்து. இரும்புத் துருவல் எவருக்கு என்பதையும் விட்டுவிடாதீர்கள். மாதக் கடைசியில் அதுவும் ஒரு தொகை, எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அதைக் கேட்காமலேயே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.